எழுத்து முடிந்த மாப்பிள்ளை

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான் இருந்தது: அத்தான் போவாரா, இருப்பாரா?

லக்சம்பர்க்கில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஓர் உதைபந்தாட்டக் கழகம் அவரைக் கேட்டிருந்தது. ஆடவும் வேண்டும், இளையவர்களைப் பழக்கவும் வேண்டும். ஓகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்லும்படி முகவர் தொலைபேசியில் நெருக்கிக்கொண்டிருந்தார். அக்கா போக வேண்டாம் என்றாள். அவர்களுடைய மகளுக்கு அப்போது மூன்று வயது. அத்தான் பிடிவாதக்காரர் அல்லர். இங்கே மொன்றியலில் ஆடுவதற்கு ஓர் அணி கிடைத்தால் இருந்துவிடுகிறேன் என்றார். அந்த அணியின் தரம் என்ன, எந்தப் பிரிவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. முதுகில் இலக்கம் போட்ட ஒரு சட்டை வேண்டும், அவ்வளவுதான்.

அத்தான் போர்த்துக்கீசர். அந்த நாட்டின் வடக்கே, மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு துறைமுக நகரத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் அங்கிருந்து ஒரு கழகத்தின் விடுதிக்குப் போனவர், அதன் பிறகு மொன்றியலுக்கு வரும்வரை எந்த நகரத்திலும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இருந்ததில்லை. எத்தனை கழகங்களுக்கு ஆடினீர்கள் என்று கேட்டால் பன்னிரண்டு என்பார். பிறகு, ருமேனியாவில் ஒரு கழகம் பருவத்தின் நடுவிலேயே கலைந்துபோனதே, அதையும் சேர்க்கலாமா என்று தானே யோசிப்பார். சைப்பிரஸ், அங்கோலா, மறுபடியும் போர்த்துக்கல், பிறகு கிரேக்கத்தின் ஒரு தீவு என்று போனது அவருடைய வாழ்க்கை. இடதுபுறப் பின்கள ஆட்டக்காரர். பத்திரிகைகள் எழுதும் இடம் அதுவல்ல. தவறு செய்யாதவரை யாரும் அவரைக் கவனித்ததில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு நகரத்திலும் கழகம் கொடுக்கும் வீட்டுக்குள் நுழையும்போது, முன்பு இருந்த ஆட்டக்காரர் விட்டுப்போன பொருட்கள் கிடக்குமாம். பாதி தீர்ந்த ஷாம்பூ, பொருந்தாத திரைச்சீலை, ஒரு தடவை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த குழந்தை கீறிய படம். அந்தப் படத்தை அவர் கிழிக்கவில்லை. பருவம் முடிந்து தான் வெளியேறியபோதும் அது அங்கேயே இருந்தது என்றார். இதை ஒரு சோகமான விடயமாக அவர் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் சில நாட்கள் மனம் சரியில்லாமல் இருந்தது.

மொன்றியலுக்கு அவர் வந்தது ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில். பனிக்காலத்துக்கு முன்பே முழங்கால் போய்விட்டது. அக்கா மருத்துவமனையில் கதிர்ப்படம் எடுப்பவள். அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே முழங்காலின் உட்புறத்தைப் பார்த்தவள் என்று வீட்டில் பகிடி சொல்வோம். கழகம் அவரை விடுவித்தது. அக்கா விடவில்லை.

அவர்கள் மணம் முடித்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாயிற்று. அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆண்டுத்திவசம் கழியாத வீட்டில் மேளம் கேட்கக்கூடாது. ஆனால் வதிவிட அனுமதி முடிகிற நிலையில் அத்தானால் காத்திருக்க முடியாது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இப்படியான நேரத்தில் ஒரு வழி உண்டு. முதலில் எழுத்து, பிறகு கலியாணம். எழுத்து என்றால் பதிவு: அதிகாரி ஒருவர் முன்னால் இருவரும் கையொப்பம் வைப்பது. சட்டத்துக்கு அது திருமணம். எங்கள் ஆட்களுக்கு அது திருமணத்தின் வாசற்படி. தாலி ஏறும்வரை மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவதில்லை.

"இப்ப எழுத்தை முடிப்பம். திவசம் கழிய ஒரு நல்ல நாள் பாத்துத் தாலியைக் கட்டலாம்," என்றார் அம்மா.

நீதிமன்றக் கட்டடத்தில் நான்தான் ஒரு சாட்சி. அத்தான் பேனையை வாங்கி, பழக்கப்பட்ட கையால், பாராமலே கையொப்பம் வைத்தார். பிறகு அந்தத் தாளை மேலும் கீழும் வாசித்துவிட்டு அதிகாரியிடம், "முடியும் திகதி எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அதிகாரியும் சிரித்தார்.

திவசம் கழிந்தபோது அக்காவுக்கு ஆறாம் மாதம். பிள்ளை பிறந்தது. அம்மா ரொறன்ரோவில் அண்ணையோடு போய் இருந்துவிட்டார். தாலிக் கதையை எடுப்பதற்கு ஆளில்லாமல் போயிற்று. வில்லரே பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள். இரண்டு தெரு தள்ளி நான் இருந்தேன். யாரும் எதையும் கேட்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

அத்தான் இந்த நகரத்தில் தன் ஆட்களிடம் போகாமல் இல்லை. சென்-லோரன் வீதியில் போர்த்துக்கீசரின் கோழிக்கடைகளும் வெதுப்பகங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கிருப்பவர்களில் அநேகர் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள். முதல் கேள்வியே "நீ எந்தத் தீவு?" என்பதுதானாம். தீவு இல்லை, பெருநிலம் என்றால் கதை அத்தோடு முடிந்துவிடும். அவர்களில் ஒருவர் தரைக்கு ஓடு பதிக்கும் வேலை கொடுத்தார். நாள் முழுவதும் முழங்காலில் நிற்கும் வேலை. மாலையில் வந்து இரண்டு முழங்கால்களிலும் பனிக்கட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு, அக்காவின் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பார். அந்த முழங்கால்களின் உட்புறம் அவளுக்குத் தெரியும் என்பதால், அவள் முன்னால் நொண்டுவதற்கு அவருக்குக் கூச்சம்.

இப்படியிருந்தவரை, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் இங்கே நடத்தும் உதைபந்தாட்டக் கழகம் கண்டுபிடித்தது. ஜாரி பூங்காவில் மகளோடு பந்து உருட்டிக்கொண்டு நின்றவரைக் கழகத் தலைவர் பார்த்துவிட்டார். தலைவர் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில், இங்கே தெப்பனர் என்று சொல்லும் மூலைக்கடை ஒன்றை நடத்துபவர். ஊரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை. மறுநாளே கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டு மாடிப்படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"உங்கட அத்தான் உதைபந்தாட்டக்காரர் எண்டு ஏன் பிள்ளை ஒருத்தரும் சொல்லேல்லை? இடக்கால் ஆட்டக்காரன் இல்லாமல் நாலு வருசமாச் செத்துக்கொண்டிருக்கிறம்."

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை," என்றேன் நான்.

"அவர் எங்கட ஊர் மாப்பிள்ளை. கேக்கவும் வேணுமே?"

ஆண்டுதோறும் ஓகஸ்டில் மொன்றியல்-நோர் பக்கத்து மைதானமொன்றில் ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டி நடக்கும். ரொறன்ரோவிலிருந்தும் வாகனங்களில் வருவார்கள். ஆட்டத்தின் தரம் அத்தானுடைய உலகத்துக்கு எவ்வளவோ கீழே. ஆனால் அந்த ஜூன் மாதம் பயிற்சிக்குப் போய் வந்த முதல் மாலை அவர் தரையில் கால் படாதவர் போலப் படியேறியதை நான் பார்த்தேன். பயிற்சியில் அவர் தமிழ் கற்றுக்கொண்டார், அதுவும் மைதானத்துத் தமிழ். "அங்கால குடு", "விடு விடு", "பின்னால ஆள்." சாப்பாட்டு மேசையில் சோறு வேண்டுமென்றால் "அங்கால குடு" என்பார். மகளைக் குளிக்க வார்க்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் "பின்னால ஆள்" என்பார். அவள் கலகலவென்று சிரிப்பாள். அக்கா அந்த ஆறு கிழமைகளும் இளமையாகத் தெரிந்தாள். முகவருக்கு மறுப்புச் சொல்லப்போகிறார் என்று எங்களுக்கு உறுதியாகிவிட்டது.

எல்லா ஊர்க் கழகங்களையும் போல எங்கள் கழகத்தின் யாப்பிலும், அதாவது சட்டதிட்டத்திலும், ஒரு விதி உண்டு. ஊரில் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், ஊராரை மணம் முடித்தவர்கள் மட்டுமே ஆடலாம். அந்த விதியை நான் இகழமாட்டேன். முன்பு கழகங்கள் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கி, அதனால் அடிபிடி வந்து, ஊர்ப் பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. பலவீனமானவர்களின் இடத்தைக் காப்பதற்காகவே அந்த விதி வந்தது. ஒரு வேலியைப் பார்க்கும்போது, அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதோடு யாரை உள்ளே காக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றுதான் நான் படித்தேன்.

யூலை முடிவில் அயலூர்க் கழகத்தோடு ஒரு நட்பு ஆட்டம். அத்தான் நின்ற பக்கத்தால் அவர்களால் ஒரு தடவைகூட உள்ளே வர முடியவில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் கொத்துரொட்டி சாப்பிடும்போது, அவர்களுடைய முகாமையாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை எண்டு சொல்லுறியள். தாலி கட்டின மாப்பிள்ளையோ, எழுத்து மாப்பிள்ளையோ?"

பகிடிதான். ஆனால் எங்கள் தலைவர் தட்டைப் பார்த்துக் குனிந்தார். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

செயற்குழு கூடியபோது குடும்பத்தின் சார்பில் நான் போனேன். பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபம். பத்துப் பதினைந்து ஆண்கள், பிளாஸ்ரிக் கதிரைகள், தேநீர்.

"பிள்ளை, கோவிக்கக்கூடாது," என்று தலைவர் தொடங்கினார். "அந்தாளில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அயலூர்க்காரர் எதிர்ப்புக் குடுத்திருக்கிறாங்கள். நாங்கள் பதில் சொல்லோணும்."

"விதியில மணம் முடித்தவர் எண்டுதானே இருக்கு அண்ணை. அவை மணம் முடிச்சவை."

"எழுத்து முடிச்சவை."

"சட்டத்துக்கு ரண்டும் ஒண்டுதான்."

பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். "என்ர மகளுக்கும் போன மாசம் எழுத்து முடிஞ்சது. கலியாணம் தையில. இப்ப நான் அந்தப் பெடியனை மருமகன் எண்டு வீட்டில வச்சிருக்கேலுமோ?"

"வச்சிருந்தால் மகள் ஒண்டும் சொல்லாள். மனிசிதான் உன்னை வெளியில விடும்," என்றார் பக்கத்திலிருந்தவர். மண்டபம் சிரித்தது.

நான் குடியிருப்பாளர் உரிமைகளுக்கான ஓர் அமைப்பில் வேலை செய்கிறேன். கியூபெக்கில் வாய்ப்பேச்சாகச் செய்த வாடகை ஒப்பந்தமும் செல்லும். கையெழுத்து இல்லை என்று வெளியேற்றப் பார்க்கும் வீட்டுக்காரர்களிடம், வாழ்வதே சான்று என்று நான் தினமும் வாதாடுகிறேன். அதையே அங்கும் சொன்னேன். நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், பிள்ளை இருக்கிறது, இதைவிட வேறென்ன மணம் என்று கேட்டேன். கவனமாகக் கேட்டார்கள். என் படிப்புக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. பிறகு தலைவர் மிகுந்த பரிவோடு சொன்னார்.

"இன்னும் ரண்டு கிழமை கிடக்குத்தானே, பிள்ளை. கோயிலில ஒரு நல்ல நாளாப் பாத்துத் தாலியைக் கட்டட்டும். மேளக்காரரை நாங்கள் ஒழுங்கு பண்ணுறம். முழுக் கழகமும் வந்து நிக்கும். அவங்கட வாயும் அடைபடும்."

எல்லோருடைய முகமும் மலர்ந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதுதான் என்னை இன்றும் சோர்வடையச் செய்கிறது. எதிர்ப்பதற்கு அந்த மண்டபத்தில் எனக்கு ஓர் ஆள் அகப்படவில்லை.

அத்தானிடம் சொன்னபோது அவர் கைகளைத் தட்டினார். நாங்கள் மூவரும் பிரெஞ்சில்தான் கதைப்போம்.

"அவ்வளவுதானா? ஒரு காலைப்பொழுது. நான் குளித்துவிட்டு வருகிறேன், என்ன உடுக்க வேண்டுமென்று சொல்லுங்கள். ருமேனியாவில் பருவம் தொடங்கும்போது பாதிரியார் எங்கள் காலணிகளுக்குத் தண்ணீர் தெளித்தார். நான் அவர்களுடைய சபையைச் சேர்ந்தவன்கூட இல்லை. நின்றேன், தெளித்தார், முடிந்தது."

அக்கா வேலை உடுப்போடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"முடியாது," என்றாள்.

"ஏன்?"

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"இப்ப கட்டினால், இவ்வளவு காலமும் நான் என்னவா இருந்தனான்? என்ர பிள்ளை என்னவாப் பிறந்தது? அந்த மண்டபத்தில இருக்கிற ஆம்பிளையள் எல்லாம் வந்து நிண்டு பாப்பினம், இண்டைக்குத்தான் இவள் கலியாணம் முடிச்சவள் எண்டு. நான் அதுக்குத் தலையைக் குனியோணும்."

அத்தான் என்னைப் பார்த்தார். எத்தனையோ அலுவலகங்களில் மற்றவர்களுக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லை மென்மையாக்கினால் என்ன விளையும், கூர்மையாக்கினால் என்ன விளையும் என்று எடைபோடுவது என் தொழில். அன்று எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை.

அவர் மேசையில் கிடந்த வெங்காயத் தோல்களை ஒருபுறம் ஒதுக்கினார். பிறகு, "நான் கையொப்பம் வைத்தேனே," என்றார். "என் வாழ்க்கையில் முடியும் திகதி இல்லாமல் வைத்த ஒரே கையொப்பம். அதைச் செல்லாது என்கிறார்கள். சரி, வேறு என்ன வேண்டுமோ அதையும் செய்கிறேன் என்கிறேன். நீ வேண்டாம் என்கிறாய்."

"திவசம் கழிந்த பிறகு நீ ஒரு நாளும் என்னிடம் தாலி பற்றிக் கேட்டதில்லை," என்றாள் அக்கா, இப்போது பிரெஞ்சில். "ரொறன்ரோவுக்குப் போகும் முன் அம்மா கேட்டபோது நான் சும்மா இருந்தேன், நீ கேட்பாய் என்று. எனக்காகக் கேட்காததை ஒரு சட்டைக்காகக் கேட்கிறாய்."

அவர் கேட்காததற்குக் காரணம் அலட்சியம் அல்ல என்று நான் நம்புகிறேன். கையொப்பத்துக்குப் பிறகு இன்னொன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் வாழ்ந்த உலகத்தில் தாளில் பெயர் எழுதினால் நீ அவர்களுடையவன், தாள் முடிந்தால் நீ யாரோ. அக்கா காத்திருந்ததும் எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தச் சமையலறையில்தான் அது முதல் தடவையாக வெளியே வந்தது. வந்த பிறகு அதைத் திரும்ப உள்ளே வைக்க எவராலும் முடியவில்லை.

தலைவர் மறுபடியும் வந்தார். ஆடத்தான் முடியாதே தவிர, சிறுவர்களைப் பழக்கலாம், அதற்கு எதிர்ப்பு இல்லை என்றார். எங்களுக்கு அது போதும் போலிருந்தது. அத்தானுக்குப் போதவில்லை. "பழக்குபவன் என்றால் ஆடி முடித்தவன்," என்று என்னிடம் சொன்னார். முப்பத்தேழு வயது, இரண்டு பழுதான முழங்கால்கள். ஆடி முடித்தவர்தான் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அதை அவரிடம் நானும் சொல்லவில்லை.

சுற்றுப்போட்டி அன்று அவர் மைதானத்துக்கு வந்தார். அக்கா வரவில்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கோட்டின் ஓரமாக, இடதுபுறத்தில் நின்றார். அவர் ஆடியிருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் திணறிக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் அவனுக்குப் பின்னால் ஓடி வந்தபோது, அத்தான் தன்னை மறந்து கூவினார்.

"பின்னால ஆள்."

பெடியன் திரும்பிப் பார்த்துப் பந்தைக் காப்பாற்றினான். சனம் கைதட்டியது. மத்தியஸ்தர் ஓடி வந்து, அணியைச் சேராதவர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். அத்தான் தலையசைத்தார். மகளை இறக்கி, கயிற்றைத் தூக்கி அவளை முதலில் அனுப்பி, பிறகு தான் குனிந்தார். முழங்கால் மடங்க மறுத்ததால் அந்தக் கயிற்றுக்குக் கீழே போவதற்கு அவருக்கு நேரம் எடுத்தது. எங்கள் அணியில் சிலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்த கிழமை அவர் லக்சம்பர்க்குக்குப் போனார். பருவம் முடிய வந்துவிடுவதாகச் சொன்னார். விமான நிலையத்தில் அக்கா அவருடைய கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டாள். அவர்களுக்குள் சண்டை எதுவும் இருக்கவில்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானத்துக்கும் இடமிருந்திருக்கும்.

குளிர்காலத்தில் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. எனக்கு அறிவிப்பு வரவில்லை. பின்னொரு நாள் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"பிள்ளை, யாப்பைத் திருத்திப்போட்டம். எழுத்து மட்டும் முடிச்சவையும் ஆடலாம். ஒருத்தரும் எதிர்க்கேல்லை."

"என்ன அண்ணை நடந்தது?"

"என்ர கடைசி மகள் இங்கத்தைப் பெடியன் ஒருத்தனோட எழுத்தை முடிச்சிட்டாள். தாலி ஒண்டும் வேண்டாமாம். நான் என்ன செய்ய? அவனும் நல்ல பெடியன். பந்தும் அடிப்பான்." பிறகு சொன்னார்: "உங்கட அத்தானிட்டைச் சொல்லுங்கோ. வாற கோடைக்கு அவர் எங்கட ஆள். அவரின்ர சட்டை கிடக்கு."

நான் நன்றி சொன்னேன். உண்மையில் அது நல்ல திருத்தம். வேற்றினத்தாரை மணந்த பெண்களின் கணவர்களும் பிள்ளைகளும் இனி அந்த மைதானத்தில் கேள்வியில்லாமல் நிற்கலாம். என் தொழிலில் இப்படி ஒரு வரியை மாற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கிறோம். ஆனால் அதை மாற்றியது என்னுடைய வாதமும் அல்ல, அக்காவின் அவமானமும் அல்ல. அதே கேள்வி ஒரு தகப்பனின் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அநேக விதிகள் இப்படித்தான் மாறுகின்றன என்றால், வீட்டுக்குள் வராதவற்றின் கதி என்ன என்று யோசித்துக்கொண்டே அக்காவின் படிகளில் ஏறினேன். படியில் பனி உறைந்திருந்தது.

அவளிடம் சொன்னேன். மகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"அவரிட்டைச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

"சொல்லாதை."

"சொன்னால் வருவார், அக்கா."

"ஓம். வருவார்," என்றாள். "அதுக்குத்தான் சொல்லாதை எண்டுறன்."

லக்சம்பர்க்கில் பருவம் முடிந்துவிட்டது. அவர் வரவில்லை. அண்டோராவில் ஒரு கழகம் கேட்கிறது, இன்னும் ஓர் ஆண்டுதான் என்று ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் சொன்னார். பின்னால் யாரோ விட்டுப்போன பூப்போட்ட திரைச்சீலை தெரிந்தது. மகள் அவருக்குப் பிரெஞ்சில் ஏதோ பாட்டுப் பாடிக் காட்டிவிட்டு, இடையில் சலித்து எழுந்துபோனாள். இங்கே கழகத்தில் பயிற்சி தொடங்கிவிட்டதா என்று அவர் என்னிடம் கேட்டார். தொடங்கிவிட்டது என்றேன். இடதுபுறத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். அக்கா திரைக்கு வெளியே, எனக்கு எதிரே நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு புதுப் பெடியன், எனக்குத் தெரியாது என்றேன்.